ஒளிநகலும் உரிமமும்: மருத்துவமனை நூலகருக்கான நடைமுறை

ஒளிநகல் என்ற பேச்சு எழுந்தவுடன் எத்தனை பக்கம் எடுக்கலாம் என்று கேட்பதே மருத்துவமனை நூலகங்களில் வழக்கம்; ஆனால் பிரிட்டனின் பதிப்புரிமைச் சட்டம் பக்கக் கணக்குக்கு வருவதற்கு முன்பே, அந்த நகல் யாருக்காக, எந்த நோக்கத்துக்காக, எத்தனை படிகளாக எடுக்கப்படுகிறது என்ற மூன்றையும் கேட்டுவிடுகிறது. நோக்கம் தவறினால் இரண்டு பக்க நகலும் மீறலாகலாம். நோக்கம் சரியாக அமைந்தால் இருபது பக்கக் கட்டுரையை முழுதாக எடுக்கவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. என்.எச்.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் தேசிய நலவாழ்வுச் சேவையின் நூலகங்களை முன்வைத்து, ஒரு நகலுக்கான உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தீர்மானிக்கும் முறையை இந்த அதிகாரம் விளக்குகிறது.

அந்த உரிமை நான்கு வழிகளில் ஒன்றால் வரும்: சட்டமே தரும் விலக்கு, உரிமையாளர்கள் பலரின் சார்பில் ஓர் அமைப்பு வழங்கும் மொத்த உரிமம், மின்னிதழ்ச் சந்தாவுக்காகப் பதிப்பாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தம், இவை எதுவும் உதவாதபோது உரிமையாளரிடம் நேரடியாகப் பெறும் எழுத்துவழி அனுமதி. இவற்றுள் ஒன்றின் நிபந்தனையை மற்றொன்றின் மேல் ஏற்றிப் பேசுவதால்தான் குழப்பத்தின் பெரும்பகுதி விளைகிறது. மொத்த உரிமம் இருப்பதால் உறுதிமொழிப் படிவம் எப்போதுமே வேண்டாம் என்று கருதுவோர் உண்டு. படிவத்தில் கையொப்பம் வாங்கிவிட்டதால் பத்துப் பேருக்கும் படி எடுத்துத் தரலாம் என்று கருதுவோரும் உண்டு. இரு சாராரும் பாதி சரியானவர்கள். அதனாலேயே அவர்களைத் திருத்துவது கடினம்.

எதற்குப் பாதுகாப்பு உண்டு

1988-ஆம் ஆண்டின் பதிப்புரிமை, வடிவமைப்புகள், காப்புரிமைகள் சட்டம் 1989 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு படைப்பை முழுமையாகவோ அதன் கணிசமான பகுதியையோ நகலெடுப்பது உரிமையாளருக்கே உரிய செயல் என்பது அதன் அடிப்படை. கணிசம் என்பது அளவை மட்டும் பொறுத்ததன்று. ஓர் ஆய்வின் முடிவு முழுவதையும் தாங்கி நிற்கும் ஒற்றை அட்டவணை, பக்கக் கணக்கில் சிறிதானாலும் தரத்தால் கணிசமாகிவிடலாம். 2009-இல் இன்ஃபோபாக் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், 11 சொற்கள் மட்டுமே கொண்ட துணுக்கும் எழுதியவரின் சொந்த அறிவுப் படைப்பை வெளிப்படுத்துமானால் பாதுகாப்புக்கு உரியதாகலாம் என்று கூறிய பிறகு, ‘சிறிதளவுதான்’ என்ற சமாதானத்தை நம்பி நடப்பது முன்னைவிட ஆபத்தாகிவிட்டது.

எழுத்துப் படைப்பின் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் நீடிக்கும். பலர் கூடி எழுதியிருந்தால் அவர்களுள் கடைசியாக இறந்தவரைக் கொண்டு அது கணக்கிடப்படும். 1950-இல் இறந்த ஒருவரின் கட்டுரைகள் 2020-ஆம் ஆண்டோடு பொதுவுடைமையாயின. ஆனால் 1925-ஆம் ஆண்டு லான்செட் இதழில் எழுதிய இளம் மருத்துவர் 1980 வரை வாழ்ந்திருந்தால், நூறாண்டு கடந்த அந்தக் கட்டுரை 2050 முடியும்வரை பாதுகாப்பிலேயே இருக்கும். ஆகவே தாளின் பழுப்பு நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது தவறாகும். இதைத் தவிர, அச்சுப் பக்கத்தின் அமைப்புக்கென்று பதிப்பாளருக்குத் தனியாக 25 ஆண்டு உரிமை உண்டு. பொதுவுடைமையாகிவிட்ட பழைய நூலின் புதிய பதிப்பை அப்படியே ஒளிநகல் எடுக்கும்போது இந்த இரண்டாம் உரிமை குறுக்கே வரும்.

மருத்துவ நூலகம் நீதிமன்றம் ஏறிய கதை

ஒளிநகலுக்கு உரிமம் என்ற ஏற்பாடு ஏன் தோன்றியது என்பதை அறிய, பிரிட்டனை விட்டு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்குக்குச் செல்ல வேண்டும். நூலக ஒளிநகல் பற்றிய வழக்குகளுள் மிகுதியாகப் பேசப்பட்ட அது, மருத்துவ நூலகங்களைப் பற்றியதே. பால்டிமோர் நகரின் வில்லியம்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் மருத்துவ ஆய்விதழ்களை வெளியிட்டுவந்தது. தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நூலகமும் தேசிய மருத்துவ நூலகமும் தன் இதழ்களிலிருந்து கட்டுரைகளை நகலெடுத்துக் கொடுப்பது மீறல் என்று அது அமெரிக்க அரசின் மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கில் வெளிப்பட்ட அளவு வியப்பளிக்கக்கூடியது: முதலில் சொன்ன நூலகம் மட்டும் 1970-ஆம் ஆண்டில் 85,744 கட்டுரை வேண்டுகோள்களை நிறைவேற்றி, ஏறத்தாழ 9,30,000 பக்கங்களை நகலெடுத்திருந்தது. ஒவ்வொரு வேண்டுகோளும் ஓர் ஆய்வாளரின் நேர்மையான தேவைதான். ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அது ஒரு பதிப்பகத்தின் உற்பத்திக்கு ஈடாக நின்றது.

1972-இல் விசாரணை ஆணையர் பதிப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தார். 1973-இல் உரிமைக் கோரல் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற வாக்கில் அதை மாற்றி, பதிப்பாளருக்கு நட்டம் நேர்ந்ததாக நிறுவப்படவில்லை, நகலைத் தடுத்தால் மருத்துவ ஆய்வு பாதிக்கப்படும், சமநிலை காண்பது சட்டமன்றத்தின் வேலை என்று நூலகங்கள் பக்கம் நின்றது. 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி விலகியிருக்க, மற்றவர்கள் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் கீழமை நீதிமன்றத் தீர்ப்பு விளக்கம் ஏதுமின்றி நிலைத்தது. நூலகங்கள் வென்றன என்று சொல்லலாம், ஆனால் அந்த வெற்றியின் மேல் நின்று எதையும் கட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்கா புதிய பதிப்புரிமைச் சட்டம் இயற்றி நூலக நகலுக்கு வரம்பு வகுத்தது. 1978-இல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு நெறிகள், நூலகங்களுக்கிடையேயான பரிமாற்றத்தில் ஒரே இதழின் அண்மை ஐந்தாண்டுக் கட்டுரைகளிலிருந்து ஆண்டுக்கு ஐந்து நகல் மட்டுமே பெறலாம் என்ற கணக்கைக் கொண்டுவந்தன. கட்டணம் செலுத்தி நகலெடுக்க வழிசெய்யும் அமைப்பும் அங்கே அதே ஆண்டில் செயல்படத் தொடங்கியது.

பாடம் முழுமையடைந்தது 1994-இல். டெக்சகோ எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அறிவியல் இதழ்க் கட்டுரைகளை நகலெடுத்துத் தம் கோப்புகளில் வைத்துக்கொண்ட வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடாக ஏற்கவில்லை. உரிமம் பெறும் எளிய வழி இப்போது இருக்கிறது, அதைத் தவிர்ப்பதால் பதிப்பாளர் இழக்கும் உரிமக் கட்டணமும் நட்டமே என்பது அதன் காரணங்களுள் முக்கியமானது. உரிமம் தரும் ஏற்பாடு ஒன்று எழுந்து நிற்பதாலேயே, இலவசமாக எடுப்பது நியாயம் என்று வாதிடக்கூடிய இடம் குறுகிவிடுகிறது. இந்த வாதம் வட்டமாகச் சுற்றிவருகிறது என்ற விமரிசனத்தில் உண்மை இருக்கிறது என்றாலும், நூலகர் திட்டமிட வேண்டியது அந்த விமரிசனத்தை நம்பியன்று.

பிரிட்டன் இந்த இடத்தை வேறு பாதையில் வந்தடைந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நூலகர் ஒற்றைப் படி எடுத்துத் தருவதை நிபந்தனையோடு அனுமதித்திருந்தது. 1977-இல் விட்ஃபோர்டு குழு, பரவலாகிவிட்ட ஒளிநகலுக்கு மொத்த உரிமமே தீர்வு என்று பரிந்துரைத்தது. அதையொட்டி எழுத்தாளர்களின் வசூல் சங்கமும் பதிப்பாளர்களின் உரிமச் சங்கமும் சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் சி.எல்.ஏ. எனப்படும் காப்பிரைட் லைசென்சிங் ஏஜென்சியை நிறுவின.

சட்டமே தரும் விலக்கு

பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வணிக நோக்கமற்ற ஆராய்ச்சிக்கும் தனிப்பட்ட படிப்புக்குமான நியாயமான கையாளுகையை அனுமதிக்கிறது. நியாயமான கையாளுகை என்பது, உரிமையாளரின் நலனுக்கு ஊறு விளையாத அளவில், அந்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுதல். ‘வணிக நோக்கமற்ற’ என்ற கட்டுப்பாடு ஐரோப்பிய நெறிமுறையைச் செயல்படுத்துவதற்காக 2003 அக்டோபர் 31 முதல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் மருந்து நிறுவன ஆய்வாளருக்கும் இந்த வாயில் திறந்திருந்தது. இங்கே பார்க்க வேண்டியது கேட்பவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையன்று, இந்தக் குறிப்பிட்ட நகல் எதற்கு என்பதையே. அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவர் மருந்து நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் மருந்துச் சோதனைக்காகக் கேட்டால் அது வணிக நோக்கமாகலாம். அதே மருத்துவர் தம் மேற்படிப்புத் தேர்வுக்காகக் கேட்டால் ஆகாது. கேட்கும் நேரத்தில் இருந்த நோக்கமே அளவுகோல். பிற்காலத்தில் அந்த ஆய்விலிருந்து எதிர்பாராமல் வருமானம் வந்தாலும் அன்று எடுத்த நகல் பின்னோக்கித் தவறாகிவிடாது.

படிப்பவர் தாமே இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளும் நகலுக்கு இந்தப் பிரிவு போதும். நூலகர் எடுத்துத் தரும்போது 42ஏ பிரிவின் நிபந்தனைகள் பொருந்த வேண்டும். 2014 ஜூன் 1 முதல் இன்றைய வடிவம் பெற்ற அந்தப் பிரிவு, இலாப நோக்கின்றி நடத்தப்படும் நூலகத்தின் நூலகர், ஒரு பருவ இதழின் ஓர் இலக்கத்திலிருந்து ஒரு கட்டுரையையோ, வேறு வெளியீட்டின் நியாயமான அளவுப் பகுதியையோ ஒரே ஒரு படி எடுத்துத் தரலாம் என்கிறது. நியாயமான அளவு எவ்வளவு என்று சட்டம் எண்ணால் சொல்லவில்லை. கட்டணம் வாங்குவதானால் நகலுக்கு ஆகும் செலவைக் கொண்டே அதைக் கணக்கிட வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வரையறை இருக்கிறது. இந்தப் பிரிவுகள் பேசும் நூலகம் என்பது பொதுமக்கள் அணுகக்கூடிய நூலகம் அல்லது கல்வி நிறுவனத்தின் நூலகம். இலாபத்துக்காக நடக்கும் நிறுவனத்தின் பகுதியாக இருக்கும் நூலகம் 42ஏ பிரிவுக்கு வெளியே நிற்கும். ஆகவே தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் நூலகர் இந்த விலக்கை நம்பக் கூடாது. என்.எச்.எஸ். நூலகமும், வெளியாரை எந்த வகையிலும் அனுமதிக்காமல் ஊழியர் அட்டைக்கு மட்டும் திறக்கும் கதவுக்குப் பின்னால் இருக்குமானால், விலக்கைச் சார்ந்து நடக்கும் முன் தன் நிறுவனத்தின் சட்ட ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முன்பதிவின்பேரிலாவது வெளியாரை உள்ளே விடும் நூலகத்தின் நிலை அதைவிட உறுதியானது.

விலக்கின் உயிர்நாடி உறுதிமொழி. வேண்டுவோர் தம் பெயரையும் வேண்டும் பகுதியையும் குறிப்பிட்டு, அதே பகுதியை எந்த நூலகத்திலிருந்தும் இதற்கு முன் பெறவில்லை, வணிக நோக்கமற்ற ஆராய்ச்சிக்கோ தனிப்பட்ட படிப்புக்கோதான் வேண்டுகிறேன், என்னோடு பணிபுரியும் அல்லது படிக்கும் எவரும் ஏறத்தாழ இதே நேரத்தில் இதே நோக்கத்துக்கு இதையே கேட்கவில்லை, கேட்கப்போவதாக எனக்குத் தெரியவும் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். உறுதிமொழி பொய்யென்று நூலகர் அறியாதவரை அதை நம்பி நடக்கலாம். பொய்யானால் அந்த நகல் மீறல் நகலாகி, பொறுப்பு உறுதிமொழி கொடுத்தவர் மேல் விழும். 2014-க்கு முன் விதிகள் வகுத்த படிவத்தில் நேரில் கையொப்பம் வேண்டியிருந்தது. இப்போது எழுத்தில் இருந்தால் போதும் என்பதால் மின்படிவமும் செல்லும். வழக்குத் தொடர ஆறாண்டுக் காலவரம்பு உண்டு என்பதால் படிவங்களையும் அதுவரை வைத்திருப்பது வழக்கம். ஆனால் யார் எதைப் படித்தார் என்பது அவற்றில் இருப்பதால், அவை தனிநபர்த் தரவுக்குரிய பாதுகாப்போடு இருக்க வேண்டும்.

கடைசி உறுதிமொழியே மருத்துவமனைகளில் இடறும் இடம். வாரந்தோறும் இளம் மருத்துவர்கள் கூடி ஒரு கட்டுரையை அலசும் ஆய்விதழ்க் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் தனித்தனியே படிவம் நிரப்பி ஒரே கட்டுரையை அதே கூட்டத்துக்காகக் கேட்டால், எட்டு உறுதிமொழிகளும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. எட்டுப் படிவங்களையும் கையில் வாங்கிய நூலகர் தமக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. இந்தத் தேவைக்கு விலக்கு வழியன்று. மொத்த உரிமமே வழி.

அதைவிட நுட்பமான சிக்கல் நோயாளியின் சிகிச்சை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்று பார்ப்பதற்காக மருத்துவர் கேட்கும் கட்டுரை ஆராய்ச்சிக்கா, தனிப்பட்ட படிப்புக்கா? இரண்டிலும் அது செம்மையாகப் பொருந்தாது. அது அவர் செய்யும் பணி. சட்டம் தனிமனிதரின் அறிவுத் தேடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே தவிர, நிறுவனத்தின் அன்றாட வேலையை வைத்தன்று. மருத்துவமனைக்கு உரிமம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை: அந்த உரிமத்தின் பெருமதிப்பு அது அனுமதிக்கும் பக்க எண்ணிக்கையில் இல்லை, நோக்கம் எது என்ற விசாரணையையே அது தேவையற்றதாக்குவதில் இருக்கிறது.

மொத்த உரிமம்

மொத்த உரிமம் என்பது, ஆண்டுக் கட்டணம் ஒன்றுக்கு ஈடாக, சி.எல்.ஏ. சார்பாக நிற்கும் பெருந்தொகையான நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் குறிப்பிட்ட வரம்புக்குள் நகலெடுக்க ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்படும் முன்னனுமதி. இங்கிலாந்தின் என்.எச்.எஸ். நிறுவனங்களுக்கு இது மையமாகப் பெறப்படுகிறது. நலவாழ்வு நிர்வாகம் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் அரசுகளிடம் தனித்தனியே இருப்பதால் ஒன்றின் உரிமம் தானாகவே மற்றொன்றுக்குச் செல்லாது. உரிம வாசகம் புதுப்பிக்கும்போதெல்லாம் மாறக்கூடியது. எனவே வரம்புகளைப் பழைய சுற்றறிக்கையிலிருந்து மனப்பாடமாகச் சொல்லாமல், நடப்பிலிருக்கும் வாசகத்தின் படி ஒன்றை மேசையில் வைத்திருப்பதே முறை. பொதுவான போக்கு, நூலில் ஓர் அதிகாரம், இதழின் ஓர் இலக்கத்தில் ஒன்றோ சிலவோ கட்டுரைகள், அல்லது மொத்தத்தில் ஒரு சிறு விழுக்காடு என்பது. பல்கலைக்கழக உரிமத்தில் அந்த விழுக்காடு 2016-இல் 5-லிருந்து 10 ஆனதைப் பார்த்தாலே, துறைக்குத் துறை எண் வேறுபடும் என்பது விளங்கும்.

உரிமம் கையில் இருக்கும்போது வாசகத்தில் முதலில் தேட வேண்டியது விழுக்காட்டையன்று, ‘அனுமதி பெற்ற நபர்’ யார் என்ற வரையறையை. மருத்துவமனையில் சம்பளம் பெறுபவர் உள்ளே வருவார். ஒப்பந்தத் துப்புரவு நிறுவனத்தின் ஊழியர், ஊரில் தனியாக நடக்கும் பொது மருத்துவரின் செவிலியர், தொண்டு நிறுவனம் நடத்தும் இறுதிநிலைப் பராமரிப்பு இல்லத்தின் மருத்துவர், நோயாளி, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் ஆகியோர் அந்த வரையறைக்குள் வருகிறார்களா என்பதை வாசகமே தீர்மானிக்கும். பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் ஒரே நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒரே மேசையில், ஒரே இயந்திரத்தில், மாணவர் எடுக்கும் நகல் பல்கலைக்கழக உரிமத்தின் கீழும், பக்கத்தில் நிற்கும் செவிலியர் எடுக்கும் நகல் என்.எச்.எஸ். உரிமத்தின் கீழும் வரும். இரண்டின் வரம்பும் பயனும் ஒன்றல்ல. பயிற்சிக்காக வார்டில் இருக்கும் மாணவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை இரு நிறுவனங்களும் முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்துகொள்ளாவிட்டால், அந்த முடிவை எடுக்கும் சுமை மாலைப் பணியில் தனியாக இருக்கும் உதவியாளர் தலையில் விழும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மூலப்படி. நிறுவனத்துக்குச் சொந்தமான அல்லது முறையாகப் பெற்ற படியிலிருந்துதான் உரிமம் நகலெடுக்க விடும். எங்கோ கிடைத்த நகலிலிருந்து நகல் எடுப்பதை அது காப்பாற்றாது. விலக்கின் கீழ் வேறொரு நூலகத்திலிருந்து தருவித்த ஒற்றைப் படியை மூலமாக வைத்து உரிமத்தின் கீழ் பத்துப் படி எடுப்பது, இரு வழிகளையும் கலக்கும் பிழைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பல படி தேவையென்று முன்பே தெரிந்தால், பதிப்புரிமைக் கட்டணம் சேர்த்து விற்கப்படும் படியைப் பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடத்திலிருந்து தருவித்து, அந்தப் படிக்கு உரிமம் இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, விலக்கப்பட்ட வெளியீடுகள்: சில பதிப்பாளர்களும் தலைப்புகளும் உரிமத்துக்கு வெளியே நிற்கின்றன. செய்தித்தாள்களுக்கு 1996 முதல் வேறு உரிம அமைப்பு இருக்கிறது. எனவே மருத்துவமனையைப் பற்றி நாளிதழில் வந்த செய்தியை நிர்வாகக் குழுவுக்கு நகலெடுத்து அனுப்பும் மக்கள் தொடர்பு அலுவலகம் சி.எல்.ஏ. உரிமத்தைக் காட்டித் தப்ப முடியாது. ஒரு தலைப்பு உள்ளே இருக்கிறதா என்பதைச் சி.எல்.ஏ.யின் இணையத் தேடலில் ஐ.எஸ்.பி.என். அல்லது ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிடலாம்.

வரம்புக்குள் நடந்தவர்கள் மேல் உரிமையாளர் எவரும் வழக்குத் தொடுத்தால் சி.எல்.ஏ. ஈடுகட்டும் என்ற உறுதியும் உரிமத்தில் அடங்கும். கட்டணம் மிகை என்று கருதும் நிறுவனங்கள் பதிப்புரிமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். வசூலான தொகை, எந்த வெளியீடுகள் நகலெடுக்கப்பட்டன என்று தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் எடுக்கும் கணக்கெடுப்பின் உதவியோடு, எழுத்தாளர் சங்கத்துக்கும் பதிப்பாளர் சங்கத்துக்கும் ஓவிய, நிழற்பட உரிமையாளரின் அமைப்புகளுக்கும் பிரித்துத் தரப்படுகிறது. கணக்கெடுப்புக்குத் தெரிவான மருத்துவமனையில் சில வாரம் ஒவ்வொரு நகலையும் பதிய வேண்டியிருப்பதால் ஊழியர்கள் சலித்துக்கொள்வது இயல்பு. ஆய்விதழில் கட்டுரை எழுதிய அதே மருத்துவமனை மருத்துவர்களும் எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தால் அந்தப் பணத்தில் பங்கு பெறலாம் என்று எடுத்துச் சொன்னால் சலிப்பு ஓரளவு குறையும்.

சுருக்கங்கள், மின்னிதழ்கள்

புதிய கட்டுரைகளின் பட்டியலைச் சுருக்கத்தோடு தொகுத்து வார்டுகளுக்கு அனுப்பும் மருத்துவமனை நூலகங்கள், அதற்கும் உரிமம் வேண்டுமோ என்று அஞ்சுவது உண்டு. 60-ஆம் பிரிவு இதற்கு நேரடியாகவே விடை சொல்கிறது: அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பொருள் பற்றிய கட்டுரையோடு சேர்ந்து பருவ இதழில் வெளிவரும் சுருக்கத்தை நகலெடுப்பதும் பரப்புவதும் மீறலாகாது, இதற்கெனச் சான்றளிக்கப்பட்ட உரிமத் திட்டம் இருந்தால் மட்டுமே விலக்கு பொருந்தாது. கட்டுரையோடு வந்த சுருக்கத்துக்குத்தான் இது பொருந்தும். தரவுத்தள நிறுவனம் தானே எழுதிச் சேர்த்த சுருக்கத்துக்குப் பொருந்தாது.

மின்னிதழ்களில் பதிப்பாளரின் ஒப்பந்தமே முதலில் பேசும்: அச்சிட்டுக்கொள்ளலாமா, வேறு நூலகத்துக்கு அனுப்பலாமா, பாடத் தொகுப்பில் சேர்க்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒப்பந்தம் சொல்வதே முடிவு என்பதும் சரியன்று. 29, 42ஏ பிரிவுகள் அனுமதிக்கும் செயலைத் தடுக்க முயலும் ஒப்பந்த வரி செல்லாது என்று 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. நகலெடுக்கவே கூடாது என்று ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் தேர்வுக்குப் படிக்கும் செவிலியரின் ஒற்றைப் படியை அது தடுக்க முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வரும் திறந்த அணுகல் கட்டுரைகளில் கேள்வி இன்னும் எளிது; என்றாலும் உரிமத்தின் வகையைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் வகையில் எத்தனை படியும் எடுக்கலாம். வணிகப் பயன் கூடாது என்ற வகையாயின் மருந்து நிறுவனப் பிரதிநிதி விநியோகிக்கக் கேட்கும் படிகளுக்கு அது இடம் தராது. இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, நகலெடுக்க அனுமதி இருப்பது வேறு.

தானே இயக்கும் இயந்திரம்

நூலகர் கண்ணில் படாமல் படிப்பவர்கள் எடுக்கும் நகலுக்கும் நூலகத்துக்குப் பொறுப்பு வரக்கூடும். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1975-இல், எழுத்தாளர் ஃபிராங்க் மூர்ஹவுஸின் சிறுகதையைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒருவர் நகலெடுத்த வழக்கில், இயந்திரத்தை வைத்துவிட்டுப் போதிய எச்சரிக்கையோ மேற்பார்வையோ இல்லாமல் விட்ட பல்கலைக்கழகம் அந்த மீறலுக்கு இடங்கொடுத்ததாகக் கருதியது. அந்தத் தீர்ப்பு பிரிட்டிஷ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் இயந்திரத்தின் அருகில், கண்ணுக்கு நேராக, நடப்பு உரிமத்தின் வரம்புகளைக் கூறும் அறிவிப்பை ஒட்டிவைப்பதன் செலவு ஒரு தாள்தான். பழைய உரிமத்தின் வரம்போடு மங்கிப்போன அறிவிப்பு இருப்பது அறிவிப்பே இல்லாததைவிட மோசம்; அது நூலகமே தவறான வரம்பைச் சொன்னதற்குச் சான்றாகிவிடும்.

மதிப்பீட்டுப் படிவங்கள்

மருத்துவமனைகளில் மிகுதியாக நகலெடுக்கப்படுபவை கட்டுரைகளோ நூல்களோ அல்ல; நோயாளியை மதிப்பிடும் வினாப் படிவங்கள். நூலகத்தின் வழியாக வராமல் வார்டிலேயே ஒரு பழைய தாளிலிருந்து மறு தாள் என்று பெருகுவதால் இவை நூலகரின் கவனத்துக்கே வருவதில்லை. மறதி நோயைக் கண்டறிய உதவும் எம்.எம்.எஸ்.இ. எனப்படும் சிறு மனநிலைப் பரிசோதனை 1975-இல் ஓர் ஆய்விதழில் வெளியாகி, கால் நூற்றாண்டுக் காலம் பாடநூல்களிலும் சட்டைப்பைக் கையேடுகளிலும் தடையின்றி அச்சாகி உலகெங்கும் பரவியது. 2001-இல் அதன் உரிமம் ஒரு சோதனைக் கருவி நிறுவனத்திடம் சென்றபின், அதிகாரப்பூர்வப் படிவம் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாயிற்று. கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் அறிதிறன் பரிசோதனையின் முந்தைய வடிவத்தில் எம்.எம்.எஸ்.இ. வினாக்கள் அடங்கியிருந்தன, பதிப்புரிமைச் சிக்கலால் அவற்றை நீக்கி மாற்று வினாக்கள் சேர்த்து மூன்றாம் வடிவத்தை உருவாக்க வேண்டியிருந்தது.

இத்தகைய படிவத்துக்கு 42ஏ பிரிவு உதவாது. நோயாளியிடம் நிரப்பத் தருவது ஆராய்ச்சிக்காகவோ தனிப்பட்ட படிப்புக்காகவோ எடுக்கும் நகலன்று. மொத்த உரிமமும் பெரும்பாலும் உதவாது. நிரப்பிப் பயன்படுத்துவதற்கென்றே விற்கப்படும் தாள்களை அது வழக்கமாக உள்ளடக்குவதில்லை. எனவே எஞ்சுவது உரிமையாளரின் நேரடி அனுமதி. வார்டுகளில் புழங்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் உரிமையாளர் யார், எந்த மொழிபெயர்ப்பு, எத்தனை நோயாளிக்கு, எந்தத் தேதிவரை என்பதை ஒரே பட்டியலில் பதிந்து, அனுமதிக் கடிதத்தின் படியை அதோடு இணைத்து வைப்பது நூலகரின் வேலையாக அமைவதே பொருத்தம். மருத்துவமனையில் வேறு எவருக்கும் அந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் இருப்பதில்லை. கடிதம் எழுதும்போது பயன்படுத்தப்போகும் பக்கத்தின் படியையும், படிகளின் எண்ணிக்கையையும், தாளில் வழங்கப்படுமா மின்பதிவேட்டில் ஏற்றப்படுமா என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். தாளுக்குக் கிடைத்த அனுமதி மின்பதிவேட்டுக்குச் செல்லாது. மறுமொழி வரும்வரை அந்தப் படிவத்தை வார்டில் நிறுத்திவைத்து, கட்டணமின்றிப் பயன்படுத்தக் கிடைக்கும் மாற்றுப் பரிசோதனை எது என்பதைத் துறை மருத்துவரோடு கலந்து தேர்ந்து கொடுக்க வேண்டும்.